868 யாருடைய கணக்கு?

கூரையிலிருந்து நூலில் ஒரு காகிதத் துண்டு தொங்குகிறது. ஜப்பானிய வாளால் அதை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். வெறும் பலத்தைக் காட்டினால் காகிதம் விலகிக்கொள்ளும், அறுபடாது. டோக்கியோவின் யோமியுரி ஜயண்ட்ஸ் அணியில் ஆடிய சடஹாரு ஓ, பேஸ்பால் மட்டையை வீசக் கற்றது இப்படித்தான்.

1959இல் அணிக்கு வந்த புதிதில், முதல் 26 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட்கூட இல்லை. ரசிகர்கள் கேலி செய்தார்கள். பந்து வருமுன்பே உடம்பு பாய்ந்துவிடும், அதுதான் கோளாறு. 1962இல் வந்த பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவா, அய்க்கிடோ என்ற தற்காப்புக் கலையை உருவாக்கிய மோரிஹெய் உயேஷிபாவிடம் பயின்றவர். அவர் சொன்னபடி ஜூலை 1 அன்று ஓ வலது காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். ஒற்றைக்காலில் நிற்பவன் அவசரப்பட முடியாது, காத்திருந்தே ஆக வேண்டும். அன்றே ஒரு ஹோம் ரன், பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் அடி.

அய்க்கிடோவில் எதிரி என்று யாரும் இல்லை. வருகிற விசையோடு இசைந்துபோவதே கலை. பந்துவீச்சாளரும் தானும் வேறல்ல, ஹோம் ரன்னில் அவருக்கும் பாதிப் பங்கு உண்டு என்கிற தொனியில் ஓவே பின்னாளில் எழுதியிருக்கிறார். அடிப்பவன் 'நான்' இல்லை என்றால், தொடர்ந்து 13 ஆண்டுகள் வென்ற ஹோம் ரன் பட்டமும், 1980இல் ஓய்வு பெற்றபோது நின்ற 868 ஹோம் ரன்கள் என்ற எண்ணும் யார் கணக்கில் சேரும்?

இது வெறும் தர்க்க விளையாட்டு அல்ல. 1964இல் ஓ அடித்த 55, ஒரே பருவத்துக்கான அன்றைய ஜப்பானியச் சாதனை. 1985இல் ஹன்ஷின் டைகர்ஸின் அமெரிக்கர் ராண்டி பாஸ் 54ஐத் தொட்டார். கடைசி ஆட்டம் ஜயண்ட்ஸோடு, அப்போது அதன் மேலாளர் ஓ. அவருடைய பந்துவீச்சாளர்கள் பாஸுக்கு எட்டாமல் விலக்கி விலக்கியே வீசினார்கள். தான் உத்தரவிடவில்லை என்றார் ஓ. இருக்கலாம். ஆனால் தடுக்கவும் இல்லையே! எதிரியைக் கூட்டாளியாக்கும் தத்துவம் அன்று மைதானத்துக்கு வரவில்லை.

இத்தனைக்கும், சீனத் தந்தைக்குப் பிறந்த ஓவை, ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்று 1957இல் தேசிய விளையாட்டு விழாவில் ஆடவிடவில்லை. அந்நியன் என்று ஒதுக்கப்படுவதன் வலி அவருக்குத் தெரியாததல்ல.

2001இல் இன்னொரு அமெரிக்கர் டஃபி ரோட்ஸ் 55ஐ எட்டியபோதும், ஓ மேலாளராக இருந்த அணி அவருக்கு அடிக்கத்தக்க பந்தைத் தரவில்லை. 2013இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் விளாடிமிர் பாலன்டீன் 60 அடித்து அந்தச் சாதனையை முறியடித்தார்; அப்போது ஓ எந்த அணிக்கும் மேலாளராக இல்லை.