எட்ட நின்று எடுத்த படம்

மேலநீலிதநல்லூர்க் கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர், தம் தாத்தாவின் பழைய ரேஞ்ச்பைண்டர் கேமராவுடன் அண்மையில் நம்மிடம் வந்தார். படச்சுருள் கிடைப்பதே அரிதாகிவிட்ட இந்நாளில் அதற்கு ஒரு லென்ஸ் வாங்க வேண்டுமாம். குவியத்தூரம் 50 மி.மீ. போதுமா, 135 வேண்டுமா என்று கேட்டார்.

ஏட்டு விடை எளிது. படச்சட்டம் 36க்கு 24 மி.மீ.; அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43. குவியத்தூரம் அதற்கு அருகில் இருந்தால் காட்சி இயல்பாகத் தோன்றும். ஆனால் லென்ஸைத் தெரிவு செய்வது நாம் நிற்கும் இடத்தைத் தெரிவு செய்வதும் ஆகும். 50-இல் ஒரு முகம் சட்டத்தை நிறைக்க, அம்மனிதர் நம்மைக் காணும் அண்மையில் நிற்க வேண்டும். 135-இல் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகத் தொலைவில், அவர் அறியாமலே நிற்கலாம்.

இவ்வகைக் கேமராவில் இன்னொன்றும் உண்டு. நாம் பார்ப்பது லென்ஸ் வழியே அன்று. தனிச் சாளரம் வழியே. 135-க்குரிய ஒளிக்கோடு அதன் நடுவே சிறு கட்டமாகத் தெரியும். கட்டத்திற்கு வெளியே உள்ளவரையும் கண்டுகொண்டேதான் அவர்களை விலக்குகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருவரைக் கல்லறைத் தோட்டத்தில் அவ்வாறு படமெடுத்தோம். அடக்கச் சடங்கு முடிந்து, வேப்பமரத்தடிக்கு ஒதுங்கி நின்றோம். கட்டத்துள் அவர் முகம்; வெளியே அவரைத் தாங்கிய கைகள். நாமும் அங்கல்லவா நின்றிருக்க வேண்டும்! பின்பு படத்தைக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "சாமி, இத எப்ப எடுத்திய? நீங்க என் பக்கத்துல நிக்கலையே."

அப்படியானால் 50 மாசற்றதா? பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் லைக்காவில் 50-ஐயே கையாண்டார். 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்தார். சில மணி நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அண்மையை நாடிய அவரே, பிறர் கண்ணில் படாதிருக்கக் கேமராவின் மினுமினுப்பைக் கறுப்பு நாடாவால் மறைத்தார் என்பர். அவருடன் 1947-இல் மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கிய சார்ச் ராட்சரோ, 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் பிணங்களை அழகுற அமைத்துப் படமெடுக்கும் தம் கண்ணைக் கண்டு தாமே திடுக்கிட்டு, போர்ப்படங்களைக் கைவிட்டார். அவர் அருகில்தான் நின்றார். ஆதலால் தொலைவு மட்டுமே குற்றமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அருகில் நிற்பவரை, "வேண்டாம்" என்று ஒரு கை தடுக்கலாம். எட்டியிருப்பவரை எந்தக் கையும் எட்டாது.

தம்பிக்கு 50-ஐயே சொன்னோம். அந்தப் படத்தைக் காட்டுமாறு கேட்டார், காட்டவில்லை. அத்தாய் அதை அன்றே திருப்பித் தந்துவிட்டார். நெகட்டிவ் இன்னும் நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நாம் எடுத்தவற்றுள் அதுவே மிகச் சிறந்த படம்; எரிக்க இன்னும் மனம் வரவில்லை.