மறுக்கும் துணிவு

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை சூழ்ந்த லிட்டில் இந்தியா 2015இல் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்கப்பட்டது. புகையிலை வாங்குவதற்குரிய குறைந்த வயது 2019 முதல் ஆண்டுக்கு ஒன்றாக உயர்ந்து, 2021இல் 21 ஆயிற்று. ஆயினும் சட்டம் கடையின் கதவை அடைக்குமேயன்றி மனத்தின் கதவைக் காக்குமோ?

மாணவன் தீமையை அறியாமல் புகைப்பதில்லை. நுரையீரல் கெடும் என்று தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதியவனே, மாலையில் நண்பன் நீட்டும் சிகரெட்டை வாங்குகிறான். நோய் நாற்பதாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. தோழர்தம் ஏளனமோ கண்ணெதிரே நிற்கிறது.

ஆதலின் பள்ளி கற்பிக்க வேண்டுவது நஞ்சின் தீமையை மட்டுமன்று. நட்பு முறியாமல் ‘வேண்டா’ எனச் சொல்லும் பயிற்சியையும் ஆகும். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நட்பாராய்தலுக்கும் ஒன்று வகுத்தார். இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியரே, சட்டம் நின்றுவிடும் இடத்தில் மாணவனுக்குத் துணைநிற்பவர்.