யார் கண்ணால் பார்த்தது?

நான் குடியிருக்கும் பேட்டைக்குப் பெயர் தந்தவர் அணுவை நேரில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பெசன்ட் நகரில் இருக்கிற பலருக்கே இது தெரியாது. அன்னி பெசன்டும் சி.டபிள்யூ. லெட்பீட்டரும் சேர்ந்து எழுதிய 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி' 1908இல் புத்தகமாக வந்தது. அட்டமா சித்திகளில் அணிமா என்று ஒன்று உண்டே, அதைப்போன்ற ஒரு சக்தியால் தங்கள் பார்வையைச் சிறிதாக்கிக்கொண்டு தனிமங்களின் உள்ளே நுழைந்து பார்த்ததாகச் சொன்னார்கள். ஹைட்ரஜனுக்குள் 18 மூல அணுக்களை எண்ணினார்கள். 1907 கோடையில் ஜெர்மனியின் டிரெஸ்டனை ஒட்டிய வைசர் ஹிர்ஷில் தங்கி இந்த வேலை நடந்தது. இலங்கைக்காரரான ஜினராஜதாசா பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

அதே டிரெஸ்டனின் ஓரத்தில், ரோசன்டார்ஃப் என்ற இடத்தில், இன்று 'எல்பே' என்று ஒரு எலக்ட்ரான் முடுக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. தற்செயல்தான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தற்செயலைச் சொல்லப்போய்த்தான் மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது.

முதலில் அந்த முடுக்கியின் இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதை கேவிட்டி என்பார்கள். ஒன்பது உருண்டைச் சொம்புகளை வரிசையாக ஒட்டி, குறுக்கே ஒரே துளை போட்டதுபோல இருக்கும். நீளம் சுமார் ஒரு மீட்டர். நியோபியம் என்ற உலோகத் தகட்டை அழுத்திக் கிண்ணங்களாக்கி, வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்துச் செய்வது. 9.2 கெல்வினுக்குக் கீழே நியோபியம் மீக்கடத்தி ஆகிவிடும். திரவ ஹீலியத்தில் 2 கெல்வினுக்குக் குளிரவைத்து, உள்ளே நொடிக்கு 130 கோடி முறை அதிரும் ரேடியோ அலையைச் செலுத்துவார்கள். வழியே போகும் எலக்ட்ரானை ஒவ்வொரு சொம்பும் தள்ளிவிடும். சுவரில் வீணாகும் ஆற்றல் அவ்வளவு குறைவு. இதன் தர எண் ஆயிரம் கோடி அளவில் இருக்கும். நொடிக்கு 400 முறை அதிரும் ஒரு கோவில் மணிக்கு இந்தத் தரம் இருந்தால், தை மாசம் ஒரு தட்டு தட்டினால், ஒலியின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஒன்றரை மாதம் ஆகும்.

இந்த வேலையில் தூசிதான் எதிரி. மைக்ரான் அளவுத் துகள் ஒன்று உள்சுவரில் ஒட்டியிருந்தால் போதும், அங்கிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பும், கேவிட்டி எதிர்பார்த்த அளவை எட்டாது. அதனால் அமிலத்தில் அரித்து, உலையில் சுட்டு, தூய அறைக்குள் அதிசுத்தத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். நம்ம ஊரில் இந்தூரின் ராஜா ராமண்ணா மையமும் டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையமும் இதைச் செய்கின்றன.

இனி மாமா. எண்பத்திரண்டு வயது, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எலியட்ஸ் கடற்கரையில் நடப்பார், அடையாறு தியசாபிகல் சொசைட்டி நூலகத்தில் உட்காருவார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உன் நியோபியத்தை நீ பாத்தியாடா?" என்றார்.

"இல்லை மாமா."

"யாரோ சொன்னதை நீ நம்புற. நானும் யாரோ சொன்னதை நம்புறேன். இதுல என்ன வித்தியாசம்? அந்தம்மா பொய் சொல்றவங்களா? தீப்பெட்டிக் கம்பெனி பொண்ணுங்களுக்காக லண்டன்ல நின்னவங்க. இந்த ஊருக்காகக் காவல்ல இருந்தவங்க."

பொய் சொல்கிறவர் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தமிழில் வாய்மை என்று ஒரு சொல், மெய் என்று ஒரு சொல். வாய்மை சொல்கிறவரைப் பற்றியது. மெய் பொருளைப் பற்றியது. பெசன்டின் வாய்மையைக் காட்டி ஹைட்ரஜனைப் பற்றிய மெய்யை நிறுவ முடியாது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான், நாம் நல்லவர்களை அதிகம் நம்பி, நம்பத் தேவையில்லாத இடத்திலும் நம்பிவிடுகிறோம்.

ஃபிரான்சிஸ் ஆஸ்டனின் கதையை மாமாவிடம் சொன்னேன். நியான் வாயுவில் 20 என்ற எடையோடு 22 என்ற எடையும் தலைகாட்டியபோது, 1913இல் ஆஸ்டன் அதை 'மெட்டா நியான்' என்றார். அந்தப் பெயரை அக்கல்ட் கெமிஸ்ட்ரியிலிருந்துதான் எடுத்தார். மாமா கையைத் தட்டினார். "பாத்தியா! நோபல் வாங்கினவனே அங்கேயிருந்துதான் எடுத்திருக்கான்!"

மிச்சக் கதையையும் சொன்னேன். ஆஸ்டன் பெயரை எடுத்துக்கொண்டாரே தவிர அங்கேயே நின்றுவிடவில்லை. நியானைக் களிமண் குழாய்கள் வழியே திரும்பத் திரும்பக் கசியவிட்டுப் பிரிக்கப் பார்த்தார். இடையில் போர் வந்தது. 1919இல் ஒரு கருவியைக் கட்டினார். அதன் தகட்டில் விழுந்த கோடுகளைப் பார்க்க யாருக்கும் சித்தி வேண்டாம், ஆஸ்டன் நல்லவரா என்று விசாரிக்கவும் வேண்டாம்.

இந்தூரில் செய்த கேவிட்டியைச் சிகாகோ பக்கத்து ஃபெர்மிலாபில் குளிரவைத்துச் சோதித்திருக்கிறார்கள். சோதிப்பவர் இந்தூர்க்காரரின் குணத்தை நம்ப வேண்டியதில்லை. நானும் நியோபியத்தைப் பார்த்ததில்லைதான், ஆனால் என் நம்பிக்கை ஒரு மனிதரின் மேல் நிற்கவில்லை. ஒருவரை ஒருவர் பிடித்துவிடக் காத்திருக்கும் பலர் மேல் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. உலோகம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்று பல காலம் எண்ணியிருந்தார்கள். ஃபெர்மிலாபில் சூடான நியோபியத்துக்குள் நைட்ரஜனைப் புகுத்தி, அதன் மேல் வேறொரு சேர்மப் படலம் வளர்க்கப் பார்த்தார்கள். அது பலிக்கவில்லை. ஆனால் மேற்பரப்பில் சில மைக்ரான் சுரண்டி எடுத்துவிட்டுச் சோதித்தபோது, மிச்சமிருந்த அந்த நைட்ரஜன் 'அழுக்கு' இழப்பைப் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தது. 2013இல் ஆய்வாக வெளிவந்தது. யாரும் கேட்காத பதிலைப் பொருள் தானாகச் சொன்ன தருணம் அது. வைசர் ஹிர்ஷில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எந்தத் தனிமமும் இப்படி எதிர்த்துப் பேசியதாக நான் படித்ததில்லை.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மாமி போய் நாலு வருஷம். "அவங்க அணுவைப் பாத்தது நெஜம்னா, செத்துப்போனவங்களைப் பத்தி எழுதினதும் நெஜமாத்தானே இருக்கணும்?"

அவருக்கு அணு ஒரு பொருட்டே இல்லை. அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சியை நான் உடைத்தால் வழக்கே போய்விடும் என்று பயந்திருக்கிறார். எண்பத்திரண்டு வயசுக்காரரிடம் எதற்கு இதெல்லாம், தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள். பலரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. நேராகக் கேட்டவருக்குப் பூசி மெழுகுவது, அவர் இனி கேள்வி கேட்கத் தகுதியில்லாதவர் என்று முடிவுகட்டுவது போல.

ஆனால் சொல்ல வேண்டியது அதோடு தீரவில்லை. சாட்சி நிற்கவில்லை என்றால் வழக்கு தோற்றது என்று அர்த்தமில்லை, இன்னும் நிரூபணமாகவில்லை என்றுதான் அர்த்தம். மாமியைப் பற்றி எல்பேக்கும் ஒன்றும் தெரியாது. "எந்த முடுக்கியும் அதை ஆமாம்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது மாமா. அந்தம்மா புத்தகமும் அதுக்குப் பதில் இல்லை. அவ்வளவுதான் நான் சொல்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சொம்பைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். மணிக்கணக்கில் என்றேன். "உள்பக்கத்தையா? யாரும் பாக்காத இடத்தை?" என்றார்.