நல்ல நோக்கம் போதுமா?

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் ஊர் வாசிகசாலையில் நண்பர் இருவரிடையே எழுந்த விவாதமொன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. ஒருவர் இளைப்பாறிய கணித ஆசிரியர். இளமை தொட்டே இடதுசாரி இயக்கத்தில் ஊறியவர். மற்றவர் உயர்தர வகுப்புகளுக்கு அரசியல் கற்பிப்பவர். ஊரவர் யாவரையும் போல அவரும் மூத்தவரை 'மாஸ்ரர்' என்றே அழைப்பார். இருவருக்குமிடையே முப்பதாண்டுக்கு மேற்பட்ட வயது வித்தியாசம் உண்டு. அவர்களிடையே கருத்து மோதாத நாளில்லை. அம்மோதலால் நட்புக் குறைந்த நாளுமில்லை.

அன்றைய விவாதம் வகுப்பறையில் பிறந்தது. 1982ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பைப் பற்றி இளையவர் கற்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஜே. ஆர். ஜயவர்த்தனா இதை நாட்டுக்காகச் செய்தாரா, தமக்காகச் செய்தாரா?" என்று கேட்டாளாம். ஆசிரியர் உடனே மறுமொழி கூறவில்லை. கேள்வியை வாசிகசாலைக்குக் கொண்டுவந்தார்.

விவாதத்தைக் கூறுமுன் நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நன்று. 1977 யூலைப் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 51 சதவீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. அரசியல் யாப்பை விரும்பியவாறு மாற்றும் பலத்தை அவ்வெண்ணிக்கை அதற்கு அளித்தது. 1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்திற்று. 1982 ஒக்டோபர் 20இல் நடந்த சனாதிபதித் தேர்தலில் ஜயவர்த்தனா 52.91 சதவீத வாக்குகளைப் பெற்று வென்றார். அதே விகிதத்தில் பொதுத் தேர்தலும் அமைந்திருப்பின் அவரது கட்சி ஆட்சியிலேயே இருந்திருக்கும். ஆனால் மூன்றிலிரண்டு பெரும்பான்மை மறைந்திருக்கும். எனவே பொதுத் தேர்தல் நடத்தப்படவில்லை. மாறாக, இருக்கின்ற பாராளுமன்றமே 1989 ஓகஸ்ட் வரை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. 'ஆம்' என்போருக்கு விளக்கு. 'இல்லை' என்போருக்குக் குடம்.

1982 டிசம்பர் 22இல் வாக்கெடுப்பு நடந்தது. அவசரகால நிலை அப்போது நடைமுறையிலிருந்தது. எதிரணியின் முதன்மைத் தலைவியான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தன. விளக்குக்கு 54.66 சதவீதமும் குடத்துக்கு 45.34 சதவீதமும் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்கே வாக்களித்தனர். வாக்கெடுப்பு நடந்த முறை பற்றிய முறைப்பாடுகள் பல. பின்னர் 1987இல் வெளிவந்த தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே அம்முறைகேடுகளைப் பதிவு செய்தது.

மாஸ்ரரின் முடிவு உறுதியானது. "இதில் ஆராய என்ன இருக்கிறது, தம்பி? பதவி ஆசை. தன் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தவர் நாட்டு நலனையா நாடினார்? எதிர்த்தரப்புக்குள் 'நக்சலைற்' சதியென்று ஒரு பூதத்தைக் காட்டினார். அது எந்த நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டது?"

இளையவர் இதனை ஏற்கவில்லை. "நீங்கள் சொல்லும் செயல்களை நான் மறுக்கவில்லை, மாஸ்ரர். அவற்றின் பின்னிருந்த மனத்தைப் பற்றியே என் ஐயம். நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி முறையை அவர் 1966இலேயே பகிரங்கமாக முன்மொழிந்தார். அப்போது அவர் கட்சித் தலைவரல்லர். அடுத்து, பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்ததைக் கண்டித்து 1975இல் தம் ஆசனத்தையே துறந்தார். பதவி வெறியன் ஆசனத்தைத் துறப்பானா? திறந்த பொருளாதாரமும் மகாவலித் திட்டமும் நிறைவேறினாலன்றி நாடு உய்யாது என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்றே நான் நினைக்கிறேன்."

"ஆசனத்தைத் துறந்தார்; இடைத்தேர்தலில் நின்று பெரும் வெற்றியோடு மீண்டார். வெல்வது நிச்சயமென்று அவருக்குத் தெரியும். அது தியாகமல்ல, கணக்கு!" என்றார் கணித ஆசிரியர்.

இருவரும் சிரித்தனர். நானோ சிந்தனையில் ஆழ்ந்தேன். ஒரே செயல் ஒருவருக்கு நம்பிக்கையின் சான்றாகவும் மற்றவருக்குச் சூழ்ச்சியின் சான்றாகவும் தோன்றியமையே என் சிந்தனைக்குக் காரணம். பதவியைத் துறந்தால் கணக்கு, துறவாவிட்டால் ஆசை. இவ்வாறு எதையும் எவ்வாறும் விளக்கவல்ல கோட்பாடு உண்மையில் எதனையும் விளக்குவதில்லை. பிறருடைய நெஞ்சத்தை நாம் நேரே காண்பதில்லை. நம்முடைய விருப்பு வெறுப்பையே அவருடைய நெஞ்சமென்று பெரும்பாலும் வாசிக்கின்றோம்.

இவ்விடத்தில் நம் வாசகர் பலர் நன்கறிந்த நூலொன்று நினைவுக்கு வருகின்றது. 1851 டிசம்பரில் பிரான்சிலே லூயி போனபார்ட் சதிப்புரட்சியால் அதிகாரத்தைக் கைப்பற்றி, அதே மாதத்தில் மக்கள் வாக்கெடுப்பொன்றை நடத்தித் தம் செயலுக்கு அங்கீகாரமும் பெற்றார். விக்டர் ஹியூகோ அந்த மனிதரின் சிறுமையைச் சாடி நூலெழுதினார். கார்ல் மார்க்ஸ் 'லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்' எழுதினார். அதன் இரண்டாம் பதிப்புக்கு 1869இல் வரைந்த முன்னுரையில், ஹியூகோவின் முறையிலுள்ள குறையை மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். ஒரு தனி மனிதனின் வன்செயலாக மட்டும் அந்நிகழ்ச்சியைக் காண்பவர் அம்மனிதனைச் சிறுமைப்படுத்த எண்ணித் தம்மையறியாமலே பெருமைப்படுத்தி விடுகின்றார் என்பதே அவர் கூறியதன் சாரம். தம் பங்குக்கு அவர், எத்தகைய வர்க்கப் போராட்டம் அத்தகைய மனிதன் மேலெழ இடமளித்தது என்று ஆராய்ந்தார்.

இந்த ஒளியில் 1982ஐ நோக்கினால் பல விடயங்கள் தெளிவாகும். 1977இன் பின் நாட்டின் கதவுகள் அந்நிய மூலதனத்துக்கு அகலத் திறக்கப்பட்டன. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட பல்லாயிரம் ஊழியர் வேலையிழந்தனர். அத்தகைய பாதையில் செல்லும் அரசுக்கு, விகிதாசார முறையில் உருவாகும் புதிய பாராளுமன்றம் வேண்டாத இடையூறாகும். அதனை விரும்பாதவர் ஒரு தனி மனிதர் மட்டுமல்லர். அவர் பேராசைக்காரராயினும் நம்பிக்கையாளராயினும் அச்சக்திகளின் தேவை ஒன்றேயாம்.

இம்மட்டில் மார்க்ஸ் காட்டிய வழி சரியே. ஆனால் அது நம் வினா முழுவதற்கும் விடையாகுமா? ஒரு செயல் ஏன் இயலுவதாயிற்று என்பதைச் சமுதாய ஆராய்ச்சி விளக்கும். அச்செயலைச் செய்யலாமா, கூடாதா என்று முடிவெடுக்க வேண்டிய வேளையில் நிற்கும் மனிதனுக்கு அவ்விளக்கம் மட்டும் போதாது. அவன் எதிரியாகாது நம் தோழனாகவும் இருக்கலாமன்றோ?

இளையவர் அந்த இடத்திலேயே கை வைத்தார். "மாஸ்ரர், 1975இல் ஜயவர்த்தனா எதைக் கண்டித்து ஆசனத்தைத் துறந்தார்?"

மாஸ்ரர் பேசவில்லை. விடை மூவருக்கும் தெரியும். 1970 மே மாதத்தில் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான ஐக்கிய முன்னணியின் பாராளுமன்றம், 1972 மே 22இல் நிறைவேறிய குடியரசு யாப்பின் மூலம் தன் ஆயுளை 1977 வரை, அதாவது இரண்டாண்டுகள், நீட்டிக்கொண்டது. அந்த யாப்பை வரைவதில் முதன்மையாக நின்றவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. கம்யூனிஸ்ட் கட்சியும் அவ்வரசாங்கத்தில் பங்காளி. அதே ஆட்சியிலேதான், 1972 ஒக்டோபரில் செல்வநாயகம் துறந்த காங்கேசன்துறை ஆசனத்துக்கு 1975 பெப்ரவரி வரை இடைத்தேர்தல் நடத்தப்படாதிருந்தது.

சிறிது நேரத்தின் பின் மாஸ்ரர் மெதுவாகக் கூறினார்: "அந்த இரண்டாண்டை ஆதரித்து நான் மேடையில் பேசியிருக்கிறேன். காணிச் சீர்திருத்தம் பாதியில் நிற்கிறது. இப்போது தேர்தல் வைத்தால் பிற்போக்கு வந்துவிடும். வேலை முடிய அவகாசம் வேண்டுமென்று பேசினேன். அதில் பொய்யில்லை. அப்படியே நம்பினேன்."

"அவரும் அப்படியே நம்பியிருக்கலாமல்லவா? அவராவது மக்களைக் கேட்டார். நாம் கேட்கவேயில்லை" என்றார் இளையவர். அக்குரலில் வெற்றிக்களிப்பு இருக்கவில்லை, வருத்தமே இருந்தது.

இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்க இயலாது. மக்களைக் கேட்டமை கேளாதிருந்ததினும் மேலானது என்றே முதலில் தோன்றும். எனினும் ஆழ்ந்து நோக்குக. பொதுத் தேர்தலில் மக்கள் பலருள் ஒருவரைத் தெரிவர். தெரிந்தவரைப் பின்னர் நீக்கவும் செய்வர். 1982இலோ, நீக்கும் உரிமையையே ஆறாண்டுக்கு ஒத்திவைக்கும்படி வாக்குக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் தமது உரிமையை ஒத்திவைக்க இசையலாம். எஞ்சிய நாற்பத்தைந்து பேரின் உரிமையை ஒத்திவைக்க அவர்களுக்கு அதிகாரம் தந்தவர் யார்? வாக்காளர் இடாப்பில் இன்னும் பெயர் சேராத இளைஞரின் சார்பில் 'ஆம்' சொன்னவர் யார்? 1977 யூலையில் பதினேழு வயதாயிருந்த ஒருவருக்கு, 1989 பெப்ரவரியில் அடுத்த பொதுத் தேர்தல் வந்தபோது வயது இருபத்தெட்டாகியிருந்தது. பெரும்பான்மை ஆளலாம், தான் சிறுபான்மையாக மாறக்கூடிய வழியை அடைத்துவிடுதல் அதற்குரிய உரிமையன்று.

அந்த இடைக்காலத்தில் நடந்தவற்றை இங்கு விரித்தல் வேண்டா. 1983 யூலையின் கொடுமையும், அதனை அடுத்து ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தத்தின்படி சத்தியப்பிரமாணம் செய்யாது வடக்குக் கிழக்கின் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர் ஆசனமிழந்தமையும், தெற்கிலே 1987 முதல் இளைஞர் இரத்தம் பெருகியமையும் நாம் அறிந்தவை. இவை யாவற்றுக்கும் அவ்வாக்கெடுப்பே காரணமென்று கூறுவது மிகையாகும். ஆயினும் கோபத்தை வாக்காக மாற்றும் வாயில் அடைபட்டிருந்த காலம் அது என்பதில் ஐயமில்லை.

நமது இரண்டாண்டு நமக்கு எதைத் தந்தது? நீடிக்கப்பட்ட காலம் தொடங்கிய சில மாதங்களுள், 1975 செப்டெம்பரில், சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977இல் சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனந்தானும் கிட்டவில்லை. யாருடைய நன்மைக்கென்று தேர்தல் பின்போடப்பட்டதோ அம்மக்களே அவ்வாறு தீர்ப்பளித்தனர். இரண்டாண்டும் ஆறாண்டும் சமமல்ல. இரண்டு ஆட்சிகளும் ஒன்றல்ல. ஆனால் 'நம் நோக்கம் நல்லது. ஆகவே மக்களின் தீர்ப்பு காத்திருக்கலாம்' என்ற நியாயம் இரண்டிலும் ஒன்றே. முதலில் அதை உரைத்த நாம், பின்னர் பிறர் உரைத்தபோது கண்டிக்கும் தகுதியிற் பாதியை இழந்துவிட்டிருந்தோம்.

ஆகவே நான் கொள்ளும் முடிவு இது. அரசியல்வாதியின் நோக்கம் தூயதா என்று கேட்பது வீண் வேலையன்று. ஆனால் அது இரண்டாம் கேள்வி. முதற் கேள்வி வேறு: அவர் கோரும் அதிகாரத்தை, நாம் மிக அஞ்சும் ஒருவர் கையிலும் கொடுக்கச் சம்மதிப்போமா? சம்மதியோமெனின், நாம் மிக நேசிக்கும் ஒருவர் கையிலும் அதனைக் கொடுத்தலாகாது. ஏனெனில் அதிகாரம் கைமாறும்போது நோக்கம் உடன் செல்வதில்லை. முன்னுதாரணம் மட்டுமே செல்கின்றது. நல்லவன் தன் நன்மையை நம்பி உடைத்த வேலிக்குள் பின்னால் வருபவன் எவனென்று அவன் அறியான்.

இஃது அரசியல்வாதிகள் யாவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்ற சோர்வுவாதமன்று. அச்சோர்வு மக்களை வீட்டிலிருத்தும். ஆள்வோருக்கு அதனினும் உவப்பானது வேறில்லை. இலட்சியமுடைய அரசியல்வாதி இருக்கின்றான், இருத்தல் வேண்டும். தன் இலட்சியத்தைத் தன்னை நீக்கவல்ல மக்களின் முன் மீண்டும் மீண்டும் வைக்க அவன் அஞ்சாதிருக்கிறானா என்பதே அவனை அறியும் அளவுகோல்.

இருள் சூழ வாசிகசாலையைப் பூட்டும் நேரமாயிற்று. மாணவிக்கு என்ன சொல்வதென்று இளையவர் மீண்டும் கேட்டார். மாஸ்ரர் தம் துவிச்சக்கர வண்டியை எடுத்தவாறே கூறினார்: "ஜே. ஆரின் மனத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது என்று சொல்லும். 1982ஐப் பற்றி முழுவதும் சொல்லும். அதோடு நிறுத்தாமல் 1972ஐப் பற்றியும் சொல்லும், தம்பி. யார் மேடையில் பேசினார்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டால், என்னிடம் அனுப்பிவிடும்."