காதில் பட்ட அடிக்குப் பிறகு

முன்னாள் இந்திய கிரிக்கெட் வீரர் அன்ஷுமான் கெய்க்வாட் 2024 ஜூலை 31 அன்று வதோதராவில் காலமானபோது, வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை 1976 கிங்ஸ்டன் டெஸ்டுக்குத்தான் போயின. ரத்தப் புற்றுநோயோடு போராடி 71 வயதில் மறைந்த மனிதரை, 23 வயதில் அவர் வாங்கிய ஓர் அடியை வைத்தே நினைத்துக்கொண்டோம். 2023இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கைக் கதையின் தலைப்பிலும் ரத்தம்தான் இருக்கிறது.

அடி சாமானியமானதல்ல. அதற்கு முந்தைய டெஸ்டில் இந்தியா 403 ரன் இலக்கை எட்டி வென்றிருந்தது. சுழற்பந்தை நம்பித் தோற்ற கோபத்தில் மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் கிளைவ் லாயிட் கிங்ஸ்டனின் சபீனா பார்க்கில் வேகப்பந்து வீச்சாளர்களை வரிசையாக இறக்கினார். ஹெல்மெட் இல்லாத காலம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிய கெய்க்வாட், கவாஸ்கரோடு முதல் விக்கெட்டுக்கு 136 ரன் சேர்த்தார். கவாஸ்கர் ஆட்டமிழந்த பிறகும் நின்றார். விரலிலும் உடம்பிலும் பந்து பட்டுக்கொண்டே இருந்தது. 81 ரன்னில் இருந்தபோது மைக்கேல் ஹோல்டிங்கின் பந்து இடது காதுக்கு மேல் வந்து மோதியது. கண்ணாடி தெறித்து விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், செவிப்பறை கிழிந்திருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் மட்டை பிடிக்க வரவேயில்லை. நம் வெங்கட்ராகவன் உட்பட ஆறு பேர் ஆடி, 97 ரன்னோடு இந்தியாவின் ஆட்டம் முடிந்தது.

அடி வாங்குவது ஒருவர் தேர்ந்தெடுப்பதல்ல, அது நேர்ந்துவிடுவது. பந்து எப்படி வரும் என்று உடம்புக்கே தெரிந்த பிறகு மறுபடி அந்த இடத்தில் போய் நிற்பதைத்தான் நான் தைரியம் என்பேன். கெய்க்வாட் அதே ஆண்டிலேயே இந்தியாவுக்குத் தொடக்க ஆட்டக்காரராகத் திரும்பினார். 1979இல் கான்பூரில் அதே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 102 அடித்தார். 1983இல் ராபர்ட்ஸ், ஹோல்டிங், மார்ஷல், கார்னர் இருந்த அணியை அவர்கள் ஊரிலேயே போய்ச் சந்தித்தார். அவர் ஆடிய 40 டெஸ்டுகளில் பாதிக்கு மேல் மேற்கிந்தியத் தீவுகளோடுதான். சராசரி 30ஐ ஒட்டி நிற்கிறது. அந்தப் பந்துவீச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண் என்ன சொல்கிறது என்று புரியும்.

இதெல்லாம் படமாக மனதில் பதிவதில்லை. 1975 பொங்கல் சமயத்தில் நடந்த சேப்பாக்கம் டெஸ்ட் என்றால் விஸ்வநாத்தின் 97தான் நமக்கு ஞாபகம் வரும். அதே ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில், தன் இரண்டாவது டெஸ்டிலேயே, ஆண்டி ராபர்ட்ஸை எதிர்த்து கெய்க்வாட் எடுத்த 80ஐச் சொல்பவர்கள் குறைவு. ஜலந்தரில் பாகிஸ்தானுக்கு எதிராக 671 நிமிடம் நின்று 201 எடுத்ததை ரொம்ப மந்தம் என்று பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அது கிங்ஸ்டனுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு பந்தையும் புதிதாகப் பார்ப்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

காயத்தையே கொண்டாடும் இந்தப் பழக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘அவருக்கென்ன, தாங்கிக்கொள்வார்’ என்று உறுதியானவர்களைப் பற்றி நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். எங்கள் பெரியப்பா அப்படித்தான் வாழ்ந்தார். இடுப்பு எலும்பு முறிந்து தேறிய பிறகும், இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே பாத்ரூம் போய் வருவார். கூப்பிட்டால் ஓடிவர நான்கு பேர் இருந்தோம். அவரும் கூப்பிடவில்லை, நாங்களும் எழுந்துபோய் ஒரு கை கொடுக்கவில்லை. அந்தச் சுவரில், தோள் உயரத்தில், கை பட்டுப் பட்டு ஒரு கறுத்த கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்தும் ‘பெரியப்பா கெட்டி’ என்றுதான் சொந்தக்காரர்களிடம் பெருமைப்பட்டோம்.

கெய்க்வாட்டுக்கு லண்டனில் சிகிச்சை நடந்தது. செலவுக்கு உதவி தேவை என்பதை, அவரோடு ஆடிய சந்தீப் பாட்டீல் பத்திரிகையில் எழுதித்தான் நாட்டுக்குத் தெரியவந்தது. கபில் தேவ் தன் ஓய்வூதியத்தையே தருவதாகச் சொன்னார். ஜூலை மத்தியில் கிரிக்கெட் வாரியம் ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. அவர் இறந்தது அந்த மாதக் கடைசியில். இத்தனைக்கும் அவர் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தவர். கும்ப்ளே டெல்லியில் பத்து விக்கெட்டையும் எடுத்தது அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். 2019இல் முன்னாள் வீரர்களின் பிரதிநிதியாக வாரியத்தின் உச்சக் குழுவில் அமர்ந்தவரும்கூட.

தனக்கு முடியவில்லை என்பதை நண்பர்களுக்குத் தெரியவிட்டதும் அவருடைய துணிச்சலில் சேர்த்தி என்றே நினைக்கிறேன். ஒருவேளை ஹோல்டிங்கை எதிர்கொண்டதைவிட அது அவருக்குக் கடினமாக இருந்திருக்கலாம். தொலைக்காட்சிப் பணம் வருவதற்கு முன் ஆடி முடித்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர், மாநில அணியோடு நின்றுபோனவர்களும் உண்டு. அவர்களுக்காக எழுத ஒரு பாட்டீல் இல்லை, கொடுக்க முன்வர ஒரு கபில் தேவும் இல்லை. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், யார் எப்படி இருக்கிறார்கள் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது வீடு தேடிப் போய் விசாரிக்க ஒவ்வொரு மாநிலச் சங்கத்திலும் ஓர் ஆளை நியமிக்கலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு ஐபிஎல் மாலையில் வாணவேடிக்கைக்குப் போகும் பணம்கூட இருக்காது.