நம் பெயரில் ஒரு சபதம்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: இந்தியாவின் அணு ஆயுதக் கோட்பாடு வெளியானது 2003 ஜனவரி 4. அணுகுண்டை முதலில் நாம் பயன்படுத்த மாட்டோம். நம்மீது யாராவது வீசினால் பதிலடி மிகப் பெரியதாக, எதிரி தாங்க முடியாத சேதம் விளைவிப்பதாக இருக்கும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும்.

கடைசி வரியை மட்டும் நிறுத்திப் படிக்க வேண்டும். அது தகவல் அல்ல, சபதம். தாங்க முடியாத சேதத்தை நகரங்களைத் தொடாமல் விளைவிப்பது அரிது. நம் ஊர் ஒன்று அழிந்த அன்று, அந்த அழிவில் எந்தப் பங்கும் இல்லாத வேறோர் ஊரின் பிள்ளைகளும் நோயாளிகளும் நம் பெயரால் கொல்லப்படுவார்கள். அதனால் இங்கே செத்தவர் ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை. இப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது அறமா? அறம்தான் என்றால், யாரைக் கேட்டுச் சொன்னார்கள்?

முதல் கேள்விக்குக் கனமான பதில் ஒன்று உண்டு. அதை வலுவாகச் சொன்னவர்களில் ஒருவர் திருச்சியில் பிறந்து, கடற்கரைச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த பாதுகாப்பு வல்லுநர் கே. சுப்ரமண்யம். சபதம் எடுப்பதே அதை நிறைவேற்றும் நாள் வராமல் இருக்கத்தான். திருப்பி அடிப்பான் என்ற பயம் இருந்தால் எவனும் முதலில் அடிக்க மாட்டான் என்பது அந்தத் தரப்பு. லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல அது. ஆனால் அது மனசாட்சியை முழுதாக விடுவிப்பதும் இல்லை. மிரட்டல் பலிக்க வேண்டுமானால், சொன்னதைச் செய்ய ஆளும் ஏவுகணையும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயார்நிலைக்கான செலவும் பழியும் வரி கட்டுகிற எல்லோருடையவையும்தான்.

இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை. சுப்ரமண்யம் தலைமையிலான தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு எழுதிய வரைவை, மக்கள் விவாதிக்கட்டும் என்று சொல்லியே 1999 ஆகஸ்டில் அரசு வெளியிட்டது. நல்ல தொடக்கம். மூன்றரை ஆண்டு கழித்து அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு முடிவு செய்து, சிறிய பத்திரிகைக் குறிப்பாகக் கோட்பாட்டை வெளியிட்டபோது இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. தண்டிக்கும் பதிலடி என்று வரைவில் இருந்தது மிகப் பெரும் பதிலடி ஆகியிருந்தது. உயிரியல் அல்லது இரசாயன ஆயுதத்தால் பெரும் தாக்குதல் நடந்தாலும் அணுகுண்டால் பதில் சொல்லலாம் என்ற விலக்கும் சேர்ந்திருந்தது. எத்தனையோ உயிர்கள் தொங்கும் மாற்றங்கள் இவை. நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய சட்டத்தின் வழியாக வந்தவை அல்ல. 2019 ஆகஸ்ட் 16 அன்று பொக்ரானில், முதலில் பயன்படுத்தோம் என்பதுகூட எதிர்காலத்தில் சூழ்நிலையைப் பொறுத்தது என்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னார். இரண்டு நாள் செய்தியாக இருந்துவிட்டு அதுவும் போனது.

இதெல்லாம் நிபுணர்கள் சமாச்சாரம், சாதாரண ஜனங்களுக்கு என்ன தெரியும் என்பார்கள். ராஜாஜி அணு விஞ்ஞானி அல்லர். சேலத்தில் தொழில் நடத்திய வக்கீல். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடினார். குண்டின் உள்வேலை தெரிந்தவரைவிட, அது விழுந்தால் யார் சாவார்கள் என்று யோசித்தவருக்குப் பேசும் உரிமை குறைந்துவிடவில்லை. அதே செப்டம்பரில்தான் இங்கே அணுசக்திச் சட்டம் வந்தது. அணுசக்தித் தகவல்களை வெளியே சொல்லாமல் தடுக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது.

ரகசியமே கூடாது என்பது அபத்தம். குண்டின் வடிவமைப்பு, இருக்கும் இடம், ஏவும் சங்கேதம் ஆகியவற்றை எந்தக் குடிமகனும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ரகசியத்தின் எல்லை தானாக விரியும் குணம் உள்ளது. நீர்மூழ்கிக் கப்பலுக்கான அணு உலையின் முன்மாதிரி கல்பாக்கத்தில் சில ஆண்டுகள் இயங்கிய பிறகு, 2009 ஆகஸ்டில்தான் பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்டது. சென்னையிலிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாத இடம் அது. அங்கே உள்ள அதிவேக ஈனுலையைச் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே வைப்பது என்று 2006இல் முடிவெடுத்ததன் பொருள் என்ன என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டால், அதனால் எதிரிக்கு எந்த லாபமும் இல்லை.

உண்மையாகவே கலங்க வைக்கும் எதிர்வாதம் வேறு. மக்களைப் பேசவிட்டால் அவர்கள் இன்னும் பெரிய குண்டைத்தான் கேட்பார்கள் என்பது அது. 1998 மே மாதம் அப்படித்தான் இருந்தது. 11ஆம் தேதி சோதனைச் செய்தி வந்ததும் தெருவில் வெடி வெடித்து, லட்டு கொடுத்தார்கள். 28ஆம் தேதி பாகிஸ்தானும் வெடித்தது, அங்கேயும் இனிப்பு. ஆனால் அது விவாதத்தின் விளைவு அல்ல. முந்தின நாள் வரை ஒருவருக்கும் தெரியாத காரியத்தைச் செய்துவிட்டுக் கைதட்டச் சொன்னால் கைதட்டல்தான் கிடைக்கும். எல்லாம் தெரிந்து, எதிர்த்தரப்பையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் இந்த ஆயுதம் வேண்டும் என்று பெரும்பான்மை சொல்லக்கூடும். அணுகுண்டை வெறுப்பவர்களுக்கு அது கசக்கும். ஆனாலும் அந்தச் சம்மதத்துக்கு இப்போதைய மௌனத்தைவிட மதிப்பு அதிகம்.

எதைப் பணயம் வைக்கிறோம் என்று திருவல்லிக்கேணிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்தசாரதி கோயில் குளம், வாலாஜா பள்ளிவாசல், ஜாம்பஜார் காய்கறிக் கடைகள், ஒரே மாடிப்படியில் பத்துக் குடித்தனம், எல்லாம் நடந்தே போய்விடும் தூரத்துக்குள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையே காலியானபோது, ரயிலேறி ஊர்ப்பக்கம் போகவாவது அவகாசம் இருந்தது. ஏவுகணை தருவது நிமிடக் கணக்கு.

விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலர் 1907இல் வந்து பேசியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். மெரினாவில் போராட்டத்துக்கு இடமில்லை என்று உயர்நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. பேச இன்னும் இடங்கள் இருக்கின்றன: கல்லூரி வகுப்பறை, நூலகக் கூடம், சங்கக் கூட்டம். தேர்தல் வந்தால் மத்திய சென்னை மக்களவைத் தொகுதி வேட்பாளர் பைகிராப்ட்ஸ் ரோட்டில் கைகூப்பி வருவார். குடிநீரையும் சாக்கடையையும் கேட்டு முடித்தபின் அவரிடம் இதையும் கேட்கலாம்: விஷவாயுவுக்கு அணுகுண்டால் பதில் சொல்வதை உங்கள் கட்சி ஏற்கிறதா, அதை அவையில் எழுந்து சொல்வீர்களா?