முன்னே செல்லும் தேரையின் முள்ளந்தண்டு

கரும்புத் தேரையின் தாயகம் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். கரும்பை அழிக்கும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935இல் அது ஹவாயிலிருந்து அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. வண்டுகள் ஒழியவில்லை; தேரைகள் பெருகின. ஆரம்பத்தில் ஆண்டுக்கு 10 கிலோமீற்றர் அளவில் நகர்ந்த பரவல் எல்லை, பிற்காலத்தில் 50 கிலோமீற்றரையும் தாண்டியது.

எல்லையின் முனையை எட்டுபவை வேகமாக நகர்ந்த தேரைகளே. அவை அங்கே தமக்குள் இணை சேர்வதால், அடுத்த தலைமுறையும் நெடுந்தூரம் செல்லும் உடலோடு பிறக்கிறது. முனையிலுள்ள தேரைகளின் கால்கள் நீளமானவை என்பதைச் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர்.

2007இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வேதனையானது. பெரிய தேரைகளில் ஏறத்தாழ 10 வீதமானவற்றுக்கு முள்ளந்தண்டில் மூட்டுவாதம் இருந்தது. முள்ளென்புகளின் ஓரங்களில் புதிய என்பு முடிச்சு முடிச்சாக வளர்ந்து, அடுத்தடுத்த என்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. நீண்ட கால் கொண்டவற்றிலும் பரவல் முனையில் உள்ளவற்றிலும் இந்நோய் அதிகம். ஓயாத தாவல் முள்ளந்தண்டில் ஏற்றும் சுமை ஒரு காரணம். மண்ணில் இயல்பாக வாழும் பக்டீரியாவும் நோயுற்ற மூட்டுகளில் காணப்பட்டது. களைத்த உடலில் நோயெதிர்ப்பு தளர்வதே அதற்கு இடமளிப்பதாகக் கருதப்படுகிறது.

அந்தமான் தீவுகளில் பரவிவரும் இந்தியப் பெருந்தவளையின் நிலை வேறு. அது மீன்குஞ்சுகளோடு கலந்து மனிதர் கையாலேயே தீவுவிட்டுத் தீவு போகிறது. அங்கே கால்களின் பங்கு குறைவு.